வாங்கப்படாத புகார்: தேசிய கீதமும் விளையாட்டு வீரரும் காவலரும்

(நீலகிரி மலையிலுள்ள சேரங்கோட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்ன தலைப்பில் பேசட்டும் என்று கேட்டபோது, உங்கள் ஊர் இளைஞர்கள் ஒரு கேள்வியையே தலைப்பாகக் கொடுத்தார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது ஒரு விளையாட்டு வீரர் எதிர்ப்புத் தெரிவித்தால், அதைக் காக்கிச் சட்டை போட்டவர் எப்படிப் பார்க்க வேண்டும்? காவல் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீரர் யாரையும் தடுக்காமல், யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் எதிர்ப்பைக் காட்டினால், காவலரின் கடமை அவரைப் பாதுகாப்பது. அடுத்த கடமை, அவர் எதற்காக அப்படிச் செய்கிறார் என்று காது கொடுத்துக் கேட்பது. கீதத்தின் முன் நடக்கும் எதிர்ப்பு பெரும்பாலும் எங்கோ வாங்க மறுக்கப்பட்ட ஒரு புகார்தான்.

இதைச் சொல்கிறவனுக்குக் கொடியின் மேல் பற்றில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21ஆம் தேதி நாடெங்கும் காவலர் வீரவணக்க நாள் அனுசரிக்கப்படுகிறது. 1959இல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் பத்து காவலர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளில் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்கும் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். பணியில் இறந்தவரின் உடல்மேல் போர்த்திய மூவண்ணக் கொடியை மடித்து மனைவியின் கையில் கொடுக்கும்போது அந்தக் கைகள் நடுங்குவதையும் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் கொடி வெறும் துணியல்ல, கீதமும் வெறும் பாட்டல்ல. அதனால்தான் இந்தக் கேள்விக்கு நிதானமாக விடை தேட வேண்டும் என்கிறேன்.

கேலரியைப் பார்த்து நிற்பவர்

ஒரு பெரிய ஆட்டத்துக்குப் பந்தோபஸ்து போடும்போது, எல்லைக்கோட்டருகே நிறுத்தப்படும் காவலருக்குச் சொல்லி அனுப்புவது ஒன்றே: முதுகு மைதானத்துக்கு, கண் கேலரிக்கு. கீதம் தொடங்கியதும் அரங்கம் முழுக்கக் கொடிப் பக்கம் திரும்பும். அவர் மட்டும் மக்களைப் பார்த்தபடி விறைப்பாக நிற்பார். முழுக் கீதத்துக்கு அரசு விதித்திருக்கும் நேரம் 52 விநாடி. அதற்குள் அவர் கண்ணில் எத்தனையோ முகங்கள் படும். ஒருவர் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடியிருப்பார். கடலைக் கூடைக்காரர் கூடையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு நிற்பார். ஓர் அப்பா, தோளில் இருக்கும் பிள்ளையின் கால்களை இறுக்கிப் பிடித்திருப்பார். முட்டி வலிக்கும் ஒரு முதியவர் முன் இருக்கையைப் பற்றிக்கொண்டு பாதி எழுந்த நிலையில் இருப்பார். ஏதோ ஓர் இளைஞன் உட்கார்ந்தே இருப்பான்.

அந்த இளைஞனைக் காவலர் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அவனைவிட அதிகமாக, அவனுக்குப் பின்னால் முறைத்துக்கொண்டிருக்கும் நான்கு பேரைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் கீதம் முடிந்த அடுத்த விநாடி கை ஓங்கப்போவது அவர்கள்தான்.

இது கற்பனை அச்சமல்ல. 2016 அக்டோபரில் கோவாவின் பணஜியில் ஒரு திரையரங்கில் கீதம் ஒலித்தபோது எழுந்து நிற்காத ஒருவரைப் பின்னாலிருந்து அடித்தார்கள். அவர் சலில் சதுர்வேதி என்ற எழுத்தாளர். முதுகுத்தண்டு பாதிப்பால் சக்கர நாற்காலியில் வாழ்பவர். எழுந்து நிற்க அவரால் முடியாது. அடித்தவர்கள் அதைத் தெரிந்துகொள்ளக்கூடக் காத்திருக்கவில்லை. அடுத்த மாதம் 30ஆம் தேதி, திரையரங்குகளில் கீதம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் சென்னை அசோக் நகர்ப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் எழுந்து நிற்காத சிலர் தாக்கப்பட்டார்கள். எழுந்து நிற்காதவர்கள் மீதே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கும் பதிவானது. 2018 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தன் ஆணையைத் தானே தளர்த்தி, திரையரங்கில் கீதத்தை இசைப்பது கட்டாயமில்லை என்றது.

சட்டம் எதைத் தண்டிக்கிறது?

அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். இதன் மூன்றாம் பிரிவு தேசிய கீதத்தைப் பற்றியது. கீதம் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு இடையூறு செய்வதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவ்வளவுதான் அந்தப் பிரிவு. பாடாமலிருப்பது குற்றம் என்று அதில் எழுதவில்லை. மண்டியிடுவது குற்றம் என்றும் எழுதவில்லை.

கீதம் ஒலிக்கும்போது அவையோர் எழுந்து நிற்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகத்தின் அறிவுரை இருக்கிறது. அதை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவும் கீதத்தை மதிப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்கிறது. ஆனால் ஓர் அறிவுரையை மீறுவது வேறு, தண்டனைச் சட்டப்படி குற்றம் செய்வது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைக் காக்கத்தான் காவல் நிலையம் இருக்கிறது.

இந்த மலையிலிருந்து இறங்கினால் கேரளம். அங்கே கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் ஒரு பள்ளியில் யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் படித்தார்கள். தினமும் கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் தங்கள் சமய நம்பிக்கை இடம் தராததால் பாடமாட்டார்கள். சட்டமன்றத்தில் இது பேச்சாயிற்று, விசாரணை நடந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்றே விசாரணை சொன்னது. இருந்தும் 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் போனார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அடங்கிய அமர்வு, பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பாடியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையாக நிற்பதே மரியாதைதான் என்பது தீர்ப்பின் சாரம். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இதைச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். போலீஸ் பயிற்சிப் பள்ளிகளிலும் இதை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றவர்கள். மண்டியிடுபவருக்கும் உட்காருபவருக்கும் அந்தத் தீர்ப்பு நேரடியாக விடை சொல்லவில்லை. தேசிய அணியின் சட்டையைப் போட்ட வீரரை அவருடைய சங்கம் தன் விதிப்படி விசாரிக்கலாம். ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆவது விதி பதக்க மேடையில் எதிர்ப்பைத் தடுக்கிறது. அதெல்லாம் விளையாட்டு அமைப்புக்கும் வீரருக்கும் இடையிலான விவகாரம். காவலருக்கு அங்கே வேலையில்லை.

நம் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் இதே கேள்வி வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் ஒரு விழாவில் காஞ்சி மடத்தின் விஜயேந்திரர் எழுந்து நிற்காமல் அமர்ந்திருந்தது பெரிய சர்ச்சையாயிற்று. அதையொட்டி எழுந்த வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அது வழிபாட்டுப் பாடல், எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனாலும் உயர்ந்த மரியாதை தர வேண்டும் என்றது. சில நாட்களிலேயே தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்று ஆணையிட்டது. அந்தப் பாடலுக்கு நான் எழுந்து நிற்பேன், என் பேரப்பிள்ளைகளையும் நிற்கச் சொல்வேன். நிற்காதவரை அடிக்க எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை.

ஸ்டேஷனில் இது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். நான்கு பேர் ஒருவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். "சார், இவன் எந்திரிக்கல. கேஸ் போடுங்க." பாராவில் நிற்பவர் முதலில் அந்தச் சட்டையிலிருந்து கையை எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு எஸ்.ஐ. கேட்க வேண்டியவை மூன்று. பாட்டு நின்றதா? இவர் கூச்சல் போட்டாரா, கூட்டத்தைக் கலைத்தாரா? முதலில் கை வைத்தது யார்? முதல் இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் மூன்றாம் பிரிவு பொருந்தாது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்து, பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), காயம் விளைவித்தல், 126(2), முறையற்று வழிமறித்தல், அழைத்து வந்தவர்கள் மேலேயே திரும்பலாம். ஒருவேளை மூன்றாம் பிரிவே பொருந்தினாலும் உடனே லாக்கப்பில் தள்ளிவிட முடியாது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தேவைதானா என்று காரணம் எழுதிப் பார்க்க வேண்டும் என 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. இவ்வளவையும் கூட்டம் வாசலில் கத்திக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். அந்த நேரத்தில் எஸ்.ஐ.யின் முதுகெலும்புதான் அரசியல் சட்டம்.

எதிர்ப்பு நம்மைப் பற்றியதாக இருந்தால்?

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். 2016இல் அமெரிக்காவில் கோலின் கேப்பர்னிக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் கீதத்தின்போது முதலில் உட்கார்ந்தார். பிறகு முன்னாள் ராணுவ வீரர் ஒருவருடன் கலந்து பேசி, செப்டம்பர் 1 முதல் ஒரு காலில் மண்டியிட்டார். அவருடைய புகார் யார் மேல்? போலீஸ் மேல். கறுப்பின மக்களைக் காவலர்கள் சுட்டும் அடித்தும் கொல்வதைப் பற்றியது அது. காவலர்களைப் பன்றியாக வரைந்த காலுறையையும் பயிற்சியின்போது அணிந்திருந்தார்.

அந்தக் காலுறையைப் பார்த்தால் எந்தக் காவலருக்கும் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்தது. சான்டா கிளாரா நகரக் காவலர் சங்கம், அவருடைய அணியின் ஆட்டங்களுக்குப் பந்தோபஸ்து வேலைக்கு வரமாட்டோம் என்று எச்சரித்தது. அந்த நகரக் காவல் தலைவரோ, மக்களின் பாதுகாப்பே முதலில் என்று அந்தச் சங்கத்திடம் வலியுறுத்துவேன் என்றார். காக்கிக்கு இலக்கணம் சொன்னவர் அந்த அதிகாரிதான் என்பேன். நம்மைத் திட்டுகிறவனையும் நாம்தான் காக்க வேண்டும். நம்மைப் புகழ்கிறவரை மட்டும் காப்பதற்குச் சம்பளமும் சீருடையும் தேவையில்லை, நட்பு போதும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில், காவலர்கள் பலர் கேப்பர்னிக்கின் பெயர் பொறித்த சட்டையோடு புரூக்ளின் பாலத்தருகே திரண்டு அவருக்கு ஆதரவு சொன்னார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்த ஊர்க் காவல் துறையின் லஞ்சத்தை வெளியே சொன்ன பிராங்க் செர்பிகோ, தள்ளாத வயதிலும் அங்கே வந்தார். துறையை நேசிப்பவர்தான் துறையின் அழுக்கைச் சொல்வார்.

நமக்கு இது அயலூர்ச் செய்தியல்ல. அமெரிக்கக் காவலர் ஒருவரின் பிடியில் ஜார்ஜ் பிளாய்ட் இறந்தது 2020 மே 25. ஒரு மாதம் முடிவதற்குள் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு, ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. அந்த நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், சக காவலர்களின் மிரட்டலுக்கு நடுவே, அன்றிரவு கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலமாகச் சொன்னார். நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அவர் யாருக்கும் எதிராக மண்டியிடவில்லை, முழக்கமிடவில்லை. உண்மையைச் சொன்னார். அந்த ஆண்டு தமிழகக் காவல் துறையின் மானத்தைக் காத்தவர் அவர்.

ஆகவே, ஒரு வீரர் கீதத்தின் முன் மண்டியிட்டுக் காவல் துறையைக் குற்றம் சாட்டினால், "என்ன திமிர்" என்று நாம் தொடங்கக் கூடாது. "எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி, யார் இறந்தது" என்றுதான் தொடங்க வேண்டும். புலனாய்வு செய்பவருக்கு அதுதானே பழக்கம்?

கொடியோடு சாலையில் விழுந்தவர்கள்

நம் நாட்டு வீரர்கள் கீதத்தை வைத்து எதிர்ப்புக் காட்டியது அரிது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான இருபது ஓவர் உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்திய வீரர்கள் மண்டியிட்டது நினைவிருக்கும். அது நிறவெறிக்கு எதிராக, ஆட்டம் தொடங்குமுன், அணியாகச் சேர்ந்து செய்தது. இரண்டு நாள் கழித்துத் தென்னாப்பிரிக்காவின் குவின்டன் டி காக், மண்டியிட்டே ஆக வேண்டும் என்று வாரியம் ஆணையிட்டதால் ஆட்டத்திலிருந்தே விலகினார். பிறகு வருத்தம் தெரிவித்து மண்டியிட்டார். நில் என்று கட்டாயப்படுத்தினாலும் மண்டியிடு என்று கட்டாயப்படுத்தினாலும் மரியாதை பிறப்பதில்லை என்பதற்கு அது சாட்சி.

ஆனால் நம் நாட்டில் வீரரும் கொடியும் காவலரும் ஒரே படத்தில் நின்ற நாள் ஒன்று உண்டு. 2023 மே 28, டெல்லி. புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அன்று, அதை நோக்கிப் புறப்பட்ட மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகத், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா முதலியோரைக் காவலர்கள் இழுத்துச் சென்றார்கள். மூவண்ணக் கொடியோடு சாலையில் கிடந்த வினேஷ், சங்கீதா போகத் படத்தை உலகமே பார்த்தது. வீரர்கள் நடத்தப்பட்ட விதம் மிகவும் கலக்கம் தருகிறது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு சொன்னது. இரண்டு நாள் கழித்து அவர்கள் பதக்கங்களைக் கங்கையில் விடுவதற்கு ஹரித்வார் போனார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர்கள் தடுத்து நிறுத்தினார்கள்.

அன்று ஊர்வலத்துக்கு அனுமதி இருந்ததா, தடுப்பைத் தாண்டினார்களா என்பதெல்லாம் பந்தோபஸ்து பேச்சு. ஒரு புலனாய்வாளராக நான் கொஞ்சம் பின்னே போய்ப் பார்க்கிறேன். அவர்கள் கேட்டது என்ன? மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மேல் பாலியல் துன்புறுத்தல் புகார், அதற்கு ஒரு எப்.ஐ.ஆர். ஏப்ரல் 21 அன்று புகார் கொடுத்தார்கள். பதிவாகவில்லை. உச்ச நீதிமன்றம் போனார்கள். ஏப்ரல் 28இல்தான் பதிவாயிற்று. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் அதற்குள் போகவில்லை. ஆனால் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013இலேயே லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. முதல் நாளே ரைட்டர் மேசையில் அந்தப் புகார் பதிவாகியிருந்தால், ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள் நடைபாதையில் படுத்திருக்க வேண்டிய தேவை குறைந்திருக்கும். கொடியும் தார்ச்சாலையில் விழுந்திருக்காது.

கொடியைக் காக்கும் முதல் இடம் கொடிக்கம்பம் என்று நினைக்கிறோம். நான் சொல்கிறேன், அது ஸ்டேஷனின் வரவேற்பு மேசை.

இந்த மண்ணில் இதைச் சொல்வதற்குக் காரணம்

இதைச் சேரங்கோட்டில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பலருக்கு இரண்டு நாட்டுக் கீதமும் தெரியும். இலங்கை மலையகத்தில் தேயிலைக் காட்டை உருவாக்கிய தமிழர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து இந்த மலைக்கு வந்தீர்கள். உங்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுவே பின்னால் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ ஆயிற்று.

குடியுரிமை இல்லாமல் ஆக்கிய நாட்டின் பள்ளிக்கூடத்தில், அந்த நாட்டின் கீதத்தைத் தமிழில் பாடி வளர்ந்தவர்கள் உங்கள் பெற்றோர். அந்தத் தமிழ்க் கீதம் கொழும்பில் சுதந்திர தின அரசு விழாவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2016 பிப்ரவரி 4 அன்று ஒலித்தபோது கண் கலங்கியவர்கள் உண்டு. 2020இல் அது அரசு விழாவிலிருந்து மறுபடி நீக்கப்பட்டது. பாட ஆசைப்படுகிறவர்களைப் பாட விடாததும், பாட மனமில்லாதவரைப் பாடச் சொல்லி அடிப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். இரண்டிலுமே கீதம் குடிமக்களின் கையிலிருந்து பறிக்கப்பட்டு, மிரட்டுகிறவரின் கைக்குப் போகிறது.

குடியுரிமை என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதை இழந்தும் பெற்றும் பார்த்தவர்கள் நீங்கள். இங்கே யானை வந்து வீட்டை இடித்தாலும், கூலி பாக்கி நின்றாலும், லயத்துக் கூரை ஒழுகினாலும், நீங்கள் மனு எழுதிக்கொண்டு வருகிறீர்கள். அந்த மனுவை வாங்குகிற கைதான் இந்தியா. வாங்கினால் குடியரசு தினத்தன்று உங்கள் பிள்ளை நெஞ்சு நிமிர்ந்து பாடுவான், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியவை

என் துறை இளையவர்களுக்கு மூன்று சொல்வேன். கீதம் தொடர்பாக எந்தப் புகார் வந்தாலும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைக் கையில் எடுத்து ஒருமுறை படித்துவிட்டுப் பேனாவைத் தொடுங்கள். கூட்டத்தின் கோபத்தைச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்ப்புக் காட்டியவரைப் பத்திரமாக வீடு சேர்த்த பிறகு, அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அதில் புகார் இருந்தால் பதிவு செய்யுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளுக்குக் கீதத்தின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். அதில் வருவது எந்த நிலம், எந்த மக்கள் என்று வரைபடத்தில் காட்டுங்கள். பொருள் தெரிந்த பிள்ளை தானாக நிற்கும்.

விளையாடும் இளைஞர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எழுந்து நில்லுங்கள். இந்த நாட்டின் சட்டை உங்கள் உடம்பில் ஏறுவதற்குள் உங்கள் அம்மா எத்தனை கிலோ கொழுந்து எடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதைக்காக நில்லுங்கள் என்று ஒரு பெரியவனாகக் கேட்டுக்கொள்கிறேன். என்றாவது ஒரு நாள், எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டு, நிற்க முடியாது என்று உங்கள் மனசாட்சி சொன்னால், அமைதியாகச் செய்யுங்கள், காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்போது எல்லைக்கோட்டில் நிற்கும் காவலர் உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்கும் காவலர்களை உருவாக்குவது என் துறையின் பொறுப்பு. உருவாக்கினார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள்.